டோன் மாமா

மும்பை மாட்டுங்காவில் மாமாக்களுக்குப் பஞ்சமே கிடையாது. சண்முகானந்தா ஹால் வாசலில் "எக்ஸ்ட்ரா பாஸ் இருக்கா?" என்று விசாரிக்கும் சபா மாமா, சொசைட்டி மீட்டிங்கில் வாட்டர் டாங்க் செலவைக் கிளறும் கணக்கு மாமா, விடிகாலையில் கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றிவந்து அகப்பட்டவர்களுக்கெல்லாம் தன் சுகர் அளவைச் சொல்லும் வாக்கிங் மாமா என்று தினுசு தினுசாக உண்டு. பிள்ளைகுட்டி பெருத்ததும் இவர்களில் பலர் செம்பூருக்கும் முலுண்டுக்கும் ஜாகை மாற்றினார்கள். அப்படி மாறியவர்களில் ஒரு தினுசைப் பற்றி இதுவரை யாரும் எழுதிவைக்கவில்லை. அவர்தான் டோன் மாமா.

வயது ஐம்பத்தைந்துக்கு மேல், அறுபத்தைந்துக்குள். பேங்க்கிலோ உரக் கம்பெனியிலோ முப்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு ரிட்டயர் ஆனவர். நெற்றியில் விபூதி. அதற்கு நேர் கீழே டீ-ஷர்ட்டில் பாம்பு சுற்றிய மண்டை ஓடு. இரண்டுக்கும் ஏதாவது தகராறு இருப்பதாக அவருக்குத் தோன்றியதே இல்லை. கேட்டால், "பரமசிவன்கிட்ட ரெண்டும் இருக்கே!" என்பார். கஃபே மெட்ராஸ் வாசலில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் கூட்டத்தைக் கவனியுங்கள். வலது கை தொடையில் ஆதி தாளம் போட்டால் அவர் சபா மாமா. இடது கை விரல்கள் அந்தரத்தில் எதையோ அழுத்தி அதிர்ந்தால் டோன் மாமா.

அவருக்கு ஒரே ஒரு ஆசைதான். எண்பதுகளில் காதில் விழுந்த ராக் கிட்டார் ஒலி, இன்று கடையில் கிடைக்கும் சாமான்களை வைத்து, இன்று குடியிருக்கும் டூ பெட்ரூம் ஃப்ளாட்டில், அச்சு அசலாகத் திரும்ப வரவேண்டும். பாட்டு வேண்டுமென்று அவர் கேட்கவில்லை. ஒலி வந்தால் போதும். அதைத்தான் அவர் 'டோன்' என்கிறார். அந்தச் சொல்லைச் சொல்லும்போது குரல் இறங்கி, கண் பாதி மூடும்.

எங்கள் சொசைட்டியிலும் ஒருவர் இருக்கிறார். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் வீட்டுப் பக்கம் போனால் தரிசனம் கிடைக்கும். கிட்டாரை மாட்டுவார். ஒரு பாட்டின் ஆரம்பத்தை வாசிப்பார். பத்துப் பதினைந்து விநாடிதான். நிறுத்துவார். தலையைச் சாய்த்துச் சுவரைப் பார்ப்பார். குனிந்து ஒரு குமிழைக் கடுகளவு திருப்புவார். மறுபடி அதே பதினைந்து விநாடி. இப்படியே விளக்கு வைத்தாகிவிடும். அந்தப் பாட்டின் இரண்டாவது பகுதி எப்படிப் போகும் என்பது எங்கள் மாடியில் யாருக்கும் தெரியாது. அவருக்கும் மறந்திருக்கலாம்.

"சரளி வரிசை கத்துக்கற கொழந்தைகூட ஒரு மாசத்துல ஜண்டைக்குப் போயிடும். இவர் கல்யாணத்தன்னிக்கு வாசிச்ச எடத்துலயேதான் நிக்கறார்" என்பாள் மாமி.

டோனைப் பற்றி அவர் பேசுவது முழுக்கச் சமையலறை பாஷை. அரை லகரம் போட்டு ஒரு கருவி வாங்கி, ராத்திரி ஒரு மணிவரை கேட்டுவிட்டு, காலையில் தீர்ப்புச் சொன்னார்: "இது மோர்க்குழம்பு டோன். எனக்கு வேண்டியது வத்தக்குழம்பு டோன்." மாமி இரண்டையுமே வைத்துப் பரிமாறிவிட்டாள். பிரச்னை தீரவில்லை.

இந்த ஆசை எங்கே முளைத்தது என்று பார்க்க வேண்டும். அந்த நாளில் மாட்டுங்காவில் ஸ்லோ வண்டி பிடித்து வி.டி.யில் இறங்கி நடந்தால் தோபி தலாவில் ரங் பவன். திறந்தவெளி அரங்கு, பக்கத்திலேயே சேவியர்ஸ் காலேஜ். 1986-ல் தொடங்கிய இன்டிபென்டென்ஸ் ராக் விழாவுக்கு பம்பாயின் அத்தனை நீளமுடிக்காரர்களும் கூடிய இடம் அது. 1984-ல் ஆரம்பித்த ராக் மெஷின் குழுவில் மகேஷ் தினைகரும் ஜயேஷ் காந்தியும் கிட்டார் வாசித்தார்கள். 1988-ல் சொந்தப் பாட்டுகளோடு ஒரு ஆல்பமே போட்டார்கள். 1993-ல் இண்டஸ் க்ரீட் என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். எஸ்.ஐ.இ.எஸ்.ஸில் பி.காம். படித்துக்கொண்டிருந்த நம் மாமா, வீட்டில் அகவுண்டன்ஸி ட்யூஷன் என்று சொல்லிவிட்டு அங்கே போய் நின்றவர். அந்த ட்யூஷன் இன்றுவரை முடியவில்லை.

அப்போது வாசிக்கக் கையில் என்ன இருந்தது? கல்கத்தாவில் செய்த கிவ்சன் கிட்டார். அதன் கம்பிக்கும் கட்டைக்கும் இடையே சுண்டு விரல் போய்வரும். வெளிநாட்டுக் கருவி வேண்டுமென்றால் துபாயில் ஒரு சித்தப்பா இருக்க வேண்டும், அந்தச் சித்தப்பாவுக்கு சஹார் ஏர்போர்ட் கஸ்டம்ஸைத் தாண்டும் முகராசியும் இருக்க வேண்டும். ஆகவே எண்பதுகளில் அவர் டோனைக் கேட்டார், வாசிக்கவில்லை. பிள்ளையைப் படிக்கவைத்து வேலையில் அமர்த்தி, பி.எஃப். பணம் கைக்கு வந்தபிறகுதான் தேடல் ஆரம்பமானது.

இன்றைக்குப் பணம் இருந்தால் போதும், எல்லாம் கூரியரில் வரும். 2011-ல் வந்த கெம்ப்பர் என்ற ஜெர்மன் பெட்டி, ஒரு நிஜ ஆம்ப்ளிஃபயருக்குள் விதவிதமான சோதனை ஒலிகளை அனுப்பி, வெளியே வருவதைக் கேட்டு, அதன் குணத்தை நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு ஹீலிக்ஸ், குவாட் கார்ட்டெக்ஸ் என்று வரிசையாக வந்துவிட்டன. ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைக்கூட, ஒரு நொடிகூட நீடிக்காத சின்னப் பதிவாகப் பிடித்து ஃபைலாக விற்கிறார்கள். உலகத்தில் உள்ள ஆம்ப்களெல்லாம் ஒரு டிபன் பெட்டி அளவுக்குள் வந்தாகிவிட்டது. நியாயமாகப் பார்த்தால் தேடல் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடிந்தால் அவர் டோன் மாமா இல்லையே!

அவருடைய ஞானத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. 1981-ல் வந்த மார்ஷல் ஜேசிஎம் 800 என்ற ஆம்பின் பெயர்க்காரணம் கேளுங்கள். ஜேசிஎம் என்பது லண்டனில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலின் இனிஷியல், 800 அவர் கார் நம்பர் பிளேட்டில் இருந்தது என்று சட்டென்று சொல்வார். தன் மாருதியின் நம்பரைக் கேட்டால் ஆர்.சி. புக்கைத் தேடுவார். அந்த மார்ஷலில் நூறு வாட் ரகத்தை முழு வால்யூமில் வைத்தால்தான் வால்வு திணறி அந்த ஒலி பிறக்கும். செம்பூரில் அப்படி வைத்தால் கோவண்டியிலிருந்து புகார் பிறக்கும். எனவே முழு வால்யூமில் மாமா கேட்பதெல்லாம் ஹெட்ஃபோனில்தான். அப்போது நமக்குக் கேட்பது ஸ்விட்சுகள் 'டக் டக்'கென்று மிதிபடும் சத்தமும், நடுநடுவே "சே!" என்ற சத்தமும் மட்டுமே.

அவர் மனசு உடைந்துபோன கதை ஒன்று உண்டு. 1987-ல் வந்த டெஃப் லெப்பர்ட் குழுவின் 'ஹிஸ்டீரியா' ஆல்பம் அவருக்கு வேதம். சுவர் உயரத்துக்கு ஆம்ப்களை அடுக்கி, ஸ்டேடியத்தில் நின்று வாசித்ததாக அத்தனை வருஷமும் கற்பனை செய்துவைத்திருந்தார். பிறகுதான் தெரிந்தது, அந்த ஆல்பத்தின் கிட்டார்களுக்குப் பெரிதும் கைகொடுத்தது ராக்மேன் என்ற குட்டிப் பெட்டி என்று. பாஸ்டன் குழுவின் டாம் ஷோல்ஸ், எம்.ஐ.டி.யில் படித்த எஞ்சினியர், 1982-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. எட்டு பென்சில் செல் போட்டு, பெல்ட்டில் மாட்டிக்கொண்டு, ஹெட்ஃபோனில் வாசிக்க வேண்டியது. டோனை மாற்ற நாலு நிலை உள்ள நகரும் ஸ்விட்ச்தான். மாமா இப்போது வைத்திருக்கும் பெட்டியிலோ மெனுவுக்குள் மெனு, அதற்குள் இன்னொரு மெனு. "நாலு நிலை ஸ்விட்ச்சுல அவன் உலகத்தையே ஜெயிச்சான். நான் மேனுவல் படிக்கவே பைஃபோகல் மாத்தினேன்" என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார். மூன்றாம் நாள் பழைய ராக்மேனுக்கு வலை வீசத் தொடங்கினார்.

டோன் மாமாவின் இன்னொரு அடையாளம், கரண்ட்டைச் சந்தேகிப்பது. மாட்டுங்காவில் இருந்தவரை 'பெஸ்ட்' கம்பெனி கரண்ட். செம்பூருக்கு வந்ததும் கம்பெனி வேறு. "அந்தக் கரண்ட்ல ஒரு கனம் இருந்தது. இது கொஞ்சம் தண்ணியா இருக்கு" என்று பால்காரரிடம் பேசும் தொனியில் மீட்டர் ரீடரிடம் பேசியவர் அவர். அதில் ஒரு சாஸ்திரமும் வைத்திருக்கிறார். நம் ஊர் மின்சாரம் 50 சைக்கிள், அதன் ரீங்காரம் ஏறத்தாழ 'ஜி' சுரத்தில் நிற்கும். அமெரிக்காவில் 60 சைக்கிள், அது 'பி ஃப்ளாட்'டுக்கும் 'பி'க்கும் நடுவில் தொங்கும். "அவன் சுருதியே வேற. நம்ம பிளக் பாயிண்ட்ல அவன் டோன் எப்படிச் சேரும்?" கணக்கு என்னவோ சரிதான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் பரமேஸ்வரனுக்கும் தெரியாது.

இந்தச் சந்தேகம் முற்றித்தான் அவர் தாராவிக்குப் போனார். நைன்ட்டி ஃபீட் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு அண்ணாச்சி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கோயில் கொடை, பொங்கல், கணபதி எல்லாவற்றுக்கும் சவுண்ட் சர்வீஸ். வருஷத்தில் பத்து நாள் அவர் ஸ்பீக்கர் இல்லாமல் தாராவிக்குத் தூக்கம் உண்டு, மீதி நாளெல்லாம் கஷ்டம்தான்.

மாமா கேட்டது வேரியாக். காலேஜ் ஃபிசிக்ஸ் லேபில் டிம்மர்ஸ்டாட் என்று இருக்குமே, குமிழைத் திருப்பினால் வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைப்பது, அதேதான். காரணம், ராக் கிட்டார்காரர் எடி வான் ஹேலன். அவர் தன் மார்ஷலுக்கு 140 வோல்ட் வரை ஏற்றிக் கொடுத்ததாக ஒருகாலத்தில் சொல்லிவைத்தார். அதை நம்பிப் பலர் ஆம்பைப் புகையவிட்டார்கள். உண்மையில் அவர் 90 வோல்ட் பக்கம் இறக்கித்தான் வாசித்திருக்கிறார். அமெரிக்காவின் 120-ல் 90 என்றால் முக்கால் பங்கு. நம் 230-ல் முக்கால் பங்கு 172 என்று மாமா பேங்க் மூளையால் கணக்குப் போட்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

அண்ணாச்சி சீட்டைப் பார்த்தார். "கரண்ட்டக் கொறச்சா எதுவா இருந்தாலும் அனத்தத்தான சார் செய்யும்? அதுக்குப் போயா இம்புட்டுத் தூரம் வந்திய?"

"அந்த அனத்தல்தான் வேணும் அண்ணாச்சி."

வேரியாக் வந்தது. மாமாவின் டிஜிட்டல் பெட்டி அதில் செருகப்பட்டது. குமிழ் 172-க்கு இறங்கியது. மாமா பதினைந்து விநாடி வாசித்தார். கண்ணில் ஜலம். "கேட்டேளா? எப்படி எளகித்து பாத்தேளா?"

அண்ணாச்சி பெட்டியின் அடாப்டரைத் திருப்பி, கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார். "சார், இதுல நூறுலேர்ந்து எரநூத்தி நாப்பது வோல்ட்டு வரைக்கும்னு போட்டிருக்கான். நீங்க எம்புட்டுக் குடுத்தாலும் உள்ள போறது ஒண்ணுதான்."

"காதுன்னு ஒண்ணு இருக்கே அண்ணாச்சி!"

"இருக்கு சார். ரெண்டு இருக்கு. அதான் சொல்லுதேன்."

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. ஐபனஸ் ட்யூப் ஸ்க்ரீமர் என்று ஒரு பச்சை பெடல். 1979-ல் வந்த மாடலும் 1982-ல் வந்த மாடலும் ராக்காரர்களுக்குப் பச்சை மாமலைபோல் மேனி. அதன் வயிற்றுக்குள் இருக்கும் ஜேஆர்சி 4558 என்ற எட்டுக்கால் சில்லுதான் அதன் ஆத்மா என்று டோன் மாமா குலம் நம்புகிறது. பழைய காலத்துச் சில்லு ஒன்றை அமெரிக்காவிலிருந்து வரவழைத்து, பூணூல் டப்பாவில் பஞ்சு சுற்றி எடுத்துவந்திருந்தார் மாமா. மாற்றிப் பொருத்த வேண்டும்.

அண்ணாச்சி அதை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து மேஜையில் கவிழ்த்தார். கொத்துக் கொத்தாக 4558. லேமிங்டன் ரோட்டில் சில்லறைக் காசுக்குக் கிடைப்பது. நம் நாட்டில் கையால் கட்டுகிற பேஸ், ட்ரெபிள் போர்டுகளில் பலவற்றுக்கு அதுதான் உயிர்நாடி. "மாரியம்மன் கோயில் செட்டுல மூணு கெடக்கு சார். கணபதி மண்டல் செட்டுல நாலு. போன மாசம் ஒரு கல்யாண செட்டுல ரெண்டு எரிஞ்சு தூக்கிப் போட்டேன்."

இத்தனை நாளாக மாமா தேடிய ஆத்மா, 'செல்லாத்தா'வுக்கும் 'கணபதி பப்பா'வுக்கும் அத்தனை நாளும் உழைத்துக்கொண்டிருந்திருக்கிறது. மாமா டப்பாவைக் கிளறி ஒன்றை எடுத்தார். முகர்ந்தும் பார்த்தார். "எழுத்து வேற மாதிரி அச்சாயிருக்கு. இது அது இல்லை" என்றார். அண்ணாச்சி பஞ்சு சுற்றிய சில்லையே பொருத்திக் கொடுத்து, கூலி வாங்க மறுத்துவிட்டார். பைத்தியத்திடம் காசு வாங்கினால் தொழில் விளங்காது என்பது அவர்கள் ஊர் நம்பிக்கை.

இந்தக் குணம் மாமாவோடு பிறந்தது இல்லை, அப்பாவிடமிருந்து வந்தது. அவர் அப்பா சபா மாமாக்களில் மூத்தவர். பெங்களூரின் ராடெல் கம்பெனி எலக்ட்ரானிக் தம்பூராவைக் கொண்டுவந்தபோது, "சுருதி இருக்கு, ஜீவன் இல்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து போனவர். 1990-ல் சண்முகானந்தா ஹால் தீப்பிடித்தது. புதுப்பித்து 1998-ல் திறந்தபோது முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "பழைய நாதம் பழைய நாற்காலியோட எரிஞ்சு போச்சு" என்றவர். இன்றைக்கு மகன் லகர ரூபாய்க் கருவியை அணைத்துவிட்டுச் சொல்வதும் அதே வாக்கியம்: "எல்லாம் இருக்கு, ஜீவன் இல்லை." அப்பா செம்மங்குடி என்பார், பிள்ளை வான் ஹேலன் என்பார். மற்றபடி வீட்டில் ஒன்றும் மாறவில்லை.

உண்மையைக் கண்டுபிடித்தது மூன்றாம் தலைமுறை. மாமாவின் பையன் பொவாயில் மென்பொருள் வேலை பார்ப்பவன். ஒருநாள் நல்ல ஸ்பீக்கரில் வான் ஹேலனின் அசல் ஆல்பத்தையே போட்டுக் காட்டினான். மாமா பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். "இது அது இல்லைடா."

"அப்பா, இதான் ஒரிஜினல்!"

"ரீமாஸ்டர் பண்ணிக் கெடுத்துட்டான்."

பையனுக்குச் சந்தேகம் தட்டியது. பரணில் ஏறி ஒரு டிடிகே கேசட்டைத் தேடி எடுத்தான். விசாரணையில் வரலாறு வெளிவந்தது. பஹ்ரைனில் யாரோ ஒருவரின் அண்ணா வாங்கிய கேசட். காட்கோபரில் ஒரு நண்பன் அதிலிருந்து எடுத்த பிரதி. அந்தப் பிரதியிலிருந்து மாட்டுங்காவில் மாமா எடுத்த பிரதி. டேப்பிலிருந்து டேப்புக்குப் போகும் ஒவ்வொரு முறையும் உச்ச ஒலி கொஞ்சம் மழுங்கும், இரைச்சல் கொஞ்சம் ஏறும். ஹெட் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தால் ட்ரெபிள் மொத்தமும் போய்விடும். மோட்டார் தளர்ந்திருந்தால் சுருதியே இறங்கும். இதையெல்லாம் அவர் கேட்டது ஒற்றை ஸ்பீக்கர் டூ-இன்-ஒன்னில். அந்த ஸ்பீக்கரின் காகிதமும் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. மாமா உயிரைக் கொடுத்துத் தேடிய டோனில் வான் ஹேலனுக்குப் பாதிப் பங்கு என்றால், மீதிப் பாதி அந்தக் காட்கோபர் நண்பனின் டேப் ரிகார்டருக்கு. உலகத்தில் எந்த ஆம்பிலிருந்தும் அது வெளியே வந்ததே இல்லை.

பையன் லாப்டாப்பை எடுத்தான். அசல் ஒலியை மோனோ ஆக்கினான். உச்ச ஒலியைச் சீவினான். சுருதியைக் கொஞ்சம் இறக்கி, லேசாகத் தள்ளாடவிட்டான். கேசட் இரைச்சலைக்கூட இப்போது காசுக்கு மென்பொருளாக விற்கிறார்கள், அதையும் மேலே தூவினான். பத்தே நிமிஷம். மாமா நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். "இதான்! இதான்டா! எந்த ஆம்ப்? எந்தக் கேபினெட்?"

"ஆம்ப்பும் இல்லை, கேபினெட்டும் இல்லைப்பா. எல்லாம் கேசட்டோட தப்பு."

விஷயம் இத்தோடு முடிந்தது, பெட்டிகளையெல்லாம் விற்றுவிட்டுக் காசி யாத்திரை போய்விடலாம் என்று மாமி சந்தோஷப்பட்டாள். முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியும் அவளுக்கு இந்த ஜாதி புரியவில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மாமா தாராவியில் இருந்தார்.

"அண்ணாச்சி, பழைய நேஷனல் டூ-இன்-ஒன் வேணும். எண்பத்தஞ்சு வாக்குல வந்தது. அதுல கிட்டாரைச் செருகி வாசிச்சுப் பாக்கணும்."

அண்ணாச்சி இதற்கெல்லாம் அசருகிற கட்டத்தைத் தாண்டியிருந்தார். தேரா கம்பவுண்டில் எடைக்கு வாங்கும் இடத்தில் சொல்லிவைத்தார். சாயங்காலத்துக்குள் மூன்று செட் வந்து இறங்கின. மாமா ஒவ்வொன்றையும் கவிழ்த்து, ஸ்பீக்கர் வலை வழியே டார்ச் அடித்துப் பார்த்தார். மூன்றிலும் காகிதம் முழுசாக இருந்தது. மாமாவின் முகம் வாடியது.

அண்ணாச்சிக்குக் காரணம் புரிய ஒரு டீ குடிக்கும் நேரம் ஆயிற்று. புரிந்ததும், மேஜை டிராயரிலிருந்து ஒரு பிளேடை எடுத்தார். அவருக்குத் தெரியாது, 1964-லேயே லண்டனில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் இதே வேலையைச் செய்துதான் தன் கிட்டாருக்கு அந்தக் கரகரப்பைக் கொடுத்தார் என்று. சரித்திரம் தாராவியில் இன்னொரு தடவை நடக்கக் காத்திருந்தது.

"எந்தப் பக்கம் கிழிக்கணும்னு சொல்லுங்க சார். ஒரே கீறல்தான்."

மாமா பதறிப்போய்க் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"ஐயையோ, வேண்டாம் அண்ணாச்சி! அது தானாக் கிழிஞ்சிருக்கணும்."